டார்ச்லைட் 2: இன்னும் அழிக்க மனம் வராத கேம்

2012 செப்டம்பரில் வந்த ஆக்ஷன் ஆர்பிஜி இது, அதாவது எதிரிக் கூட்டங்களை அடித்து, கிடைக்கும் ஆயுதங்களை அள்ளி, கேரக்டரை வளர்க்கும் கேம். அதே வருடம் மே மாதம் வந்த, இதே வகையைச் சேர்ந்த டயாப்லோ 3, தனியாக ஆடினாலும் இன்டர்நெட் இருந்தே ஆக வேண்டும் என்று பலரைக் கடுப்பேற்றியிருந்தது. வந்த புதிதில் அதன் விலை 60 டாலர், இது வெறும் 20. நெட் வேண்டாம், கம்ப்யூட்டர்களை லேனில் (உள் நெட்வொர்க்கில்) இணைத்தால் 6 பேர் வரை சேர்ந்தே ஆடலாம். 2009-ல் வந்த முதல் டார்ச்லைட்டில் அந்த வசதியே கிடையாது. இதை உருவாக்கிய ரூனிக் கேம்ஸ் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் கேம் எந்த சர்வரையும் நம்பி இல்லாததால் இன்றைக்கும் ஓடுகிறது.

நான்கு கிளாஸ்கள், அதாவது தேர்ந்தெடுக்கக்கூடிய கேரக்டர் வகைகள். நான் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது எஞ்சினியரிடம்தான். அவரது ஃப்ளேம் ஹேமர் என்ற ஸ்கில்லில் ஆயுதத்தை ஓங்கித் தரையில் அடித்தால் நெருப்புத் துண்டுகள் சிதறி, பக்கத்தில் இருக்கும் எதிரிகளைத் தேடிப்போய் அடிக்கும். கூட்டம் நெருக்கமாக இருக்க இருக்க வேடிக்கை அதிகம். அடிபட்டால் ஹீல் பாட் கூடவே வந்து குணப்படுத்தும், அதற்கு மேல் அடியைத் தாங்க ஃபோர்ஸ்ஃபீல்டு என்ற கவசம். மந்திரவாதியான எம்பர்மேஜ் பார்க்க அழகுதான். ஆனால் மிகக் கடினமான எலீட் நிலையில் ஒரு அம்பு பட்டாலே படுத்துவிடுவார். பெர்செர்க்கர் வேகம் பிடித்தவர்களுக்கு. தூரத்திலிருந்து சுடும் அவுட்லேண்டரோடு எனக்கு ஒட்டவே இல்லை.

இந்த கேமை இத்தனை வருடம் தாங்குவது கூட வரும் செல்லப் பிராணி என்பேன். என்னுடையது கண்ணாடி மாட்டிய ஃபெரெட் (கீரி போன்ற சிறு விலங்கு). இந்த மாதிரி கேம்களில் பை நிறைந்தவுடன் ஊருக்குத் திரும்பி, விற்று, மறுபடி வருவதற்குள் சண்டையின் சூடே ஆறிவிடும். இங்கே குப்பைகளை அதன் பையில் தள்ளி, பட்டனை அழுத்தினால் போதும். அதுவே ஊருக்கு ஓடிப்போய் விற்றுக் காசோடு வரும். போகும்போது போஷனும் (குணமாக்கும் மருந்து), கிடைத்த பொருளின் தன்மையைக் காட்டும் ஐடென்டிஃபை ஸ்க்ரோலும் எத்தனை வேண்டும் என்று சொல்லிவிட்டால் வாங்கியும் வரும். முதல் பாகத்தில் விற்க மட்டுமே தெரியும். அது இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் கூட்டம் சூழ்ந்துகொண்டால்தான் அது எவ்வளவு அடியைத் தன் மேல் வாங்கிக்கொண்டிருந்தது என்று தெரியும்.

அப்புறம் மீன்பிடி. குளத்தில் தூண்டில் போட்டுக் கிடைக்கும் மீனைக் கொடுத்தால் அந்த ஃபெரெட் கொஞ்ச நேரம் வேறொரு மிருகமாக மாறிவிடும். பொறுமை இல்லையென்றால் டைனமைட் போட்டும் பிடிக்கலாம். (நான் பெரும்பாலும் டைனமைட்தான்.)

கதை? முதல் பாகத்தில் நாம் ஆடக்கூடிய கேரக்டர்களில் ஒருவனான ஆல்கெமிஸ்டே இதில் வில்லன். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மூன்றாவது ஆக்ட் (அத்தியாயம்) வருவதற்குள் அவனை ஏன் துரத்துகிறோம் என்பதே மறந்துபோகும். அதைவிட மேட் யூல்மனின் இசை மனதில் நிற்கிறது. முதல் இரண்டு டயாப்லோக்களுக்கும் அவர்தான் இசை. அந்த கிட்டார் இங்கேயும் கேட்கும்.

ஆட ஆட எரிச்சல் தருவது, திறன்களை வளர்க்கப் போடும் ஸ்கில் பாயிண்ட். கடைசியாகப் போட்ட மூன்றை மட்டும்தான் திரும்ப எடுக்க முடியும். ஒரு ஸ்கில் 5, 10, 15-ஐத் தொடும்போது கூடுதல் பலன் கிடைப்பதால் முன்கூட்டியே கொட்டத்தான் தோன்றும். லெவல் 40 தாண்டிய பிறகு அந்த ஸ்கில் தேறாது என்று தெரிந்தால், புது கேரக்டர்தான் வழி. லூட்டும் (எதிரிகளிடம் கிடைக்கும் பொருட்கள்) மழைபோல் கொட்டுகிறது, பாதி தேறாது. ஆனால் ஒரு ஆயுதத்தைப் போட, ஒன்று லெவல் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கான ஸ்டாட் (வலிமை போன்ற குணங்களின் புள்ளி) இருக்க வேண்டும் என்ற விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்ட்ரெங்த்தில் கொட்டி வைத்திருந்தால் பெரிய சுத்தியலை முன்னாடியே தூக்கலாம்.

கதை முடிந்தால், அதே கேரக்டரோடு கதையை மறுபடி ஆடும் நியூ கேம் பிளஸ், மேப்வொர்க்ஸில் காசு கொடுத்து வாங்கும் வரைபடங்கள் என்று ஆட்டம் நீளும். எனக்கு அது ஒரு கட்டத்தில் திகட்டியது. அங்கிருந்து காப்பாற்றியவை மாட்கள், அதாவது ரசிகர்கள் செய்து தரும் மாற்றங்கள். கேமை உருவாக்கத் தாங்கள் பயன்படுத்திய எடிட்டரையே ரூனிக் 2013-ல் வெளியிட்டதால் புதுக் கிளாஸ்கள், புது பாஸ்கள், ஸ்கில்லை முழுதாக மாற்றித் தரும் போஷன் வரை எல்லாம் ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் இருக்கின்றன. பெரிதாக ஏதாவது வேண்டுமென்றால் சினர்ஜீஸ் மாட் போடுங்கள். 2019-ல் வந்த கன்சோல் பதிப்புகளில் இந்த மாட்கள் கிடையாது என்பதால் பிசியில் வாங்குவதே நல்லது.

புதிதாக ஆடுபவர்கள் வெட்டரன் என்ற கடினநிலையில் தொடங்கலாம். நார்மல் தூக்கம் வர வைக்கும், எலீட் முதல் ஆட்டத்துக்கு வேண்டவே வேண்டாம்.