முதலில் முதாஃப்சியேவா, பிறகு தோன்செவ்

பல்கேரிய வரலாற்று நாவல் எது படிக்கலாம் என்று கேட்டால் பலரும் சட்டென்று எடுத்துக் கொடுப்பது அந்தோன் தோன்செவின் ‘பிரிவின் காலம்’ (1964). மூன்று ஆண்டு கழித்து வந்த வேரா முதாஃப்சியேவாவின் ‘ஜெம் வழக்கு’ (1967) அதன் நிழலில் நிற்கிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டுமே ஒட்டோமான் துருக்கியப் பேரரசின் காலத்தைப் பற்றியவை, ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. வேகத்தில் தோன்செவ்தான் முந்துகிறார். 1668, ரொடோப் மலைப் பள்ளத்தாக்கு. அங்கிருந்து சிறுவனாகப் பிடித்துச் செல்லப்பட்டவன் கராஇப்ராஹிம் என்ற ஜானிசரியாக (சுல்தானின் படைவீரனாக) திரும்பி வந்து, சொந்த ஊர்க் கிறிஸ்தவ மக்களையே இஸ்லாத்துக்கு மாறச் சொல்கிறான். எடுத்தால் கீழே வைக்க முடியாது.

சிக்கல் அஸ்திவாரத்தில் இருக்கிறது. கதைக்கு ஆதாரம், மெத்தோதி திராகினோவ் என்ற பாதிரியார் எழுதியதாகச் சொல்லப்பட்ட குறிப்பு. அதை ஸ்தெஃபான் ஸகாரியெவ் வெளியிட்டதே 1870இல்தான். அதன் மொழி 17ஆம் நூற்றாண்டுக்குரியது அல்ல, 19ஆம் நூற்றாண்டுப் புனைவு என்று 1984இல் இலியா தொதொரொவ் காட்டினார். ஒட்டோமான் வரிப் பதிவேடுகளோ வேறு கதை சொல்கின்றன. புதிதாக மதம் மாறியவர்கள் அவற்றில் ‘அப்துல்லாவின் மகன்’ என்று பதிவாவார்கள். அந்தப் பெயர்கள் பதிவேட்டுக்குப் பதிவேடு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகின்றன. முஸ்லிம் அல்லாதவர்கள் மீது விதிக்கப்பட்ட ஜிஸியா வரியின் சுமை அதற்கு ஒரு முக்கியக் காரணம். நாவலுக்குக் கற்பனை உரிமை உண்டுதான். ஆனால் இதன் திரைவடிவம் 1988இல் வந்தபோது, பல்கேரிய அரசு அங்கிருந்த துருக்கியர்களின் பெயர்களைக் கட்டாயமாக மாற்றி மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தச் சூழலில் கற்பனை வெறும் கற்பனையாக நிற்கவில்லை.

முதாஃப்சியேவா (1929–2009) அந்தப் பதிவேடுகளையே படித்த ஒட்டோமான் வரலாற்றறிஞர். நாவலின் வடிவமும் அங்கிருந்து வருகிறது: இறந்துபோனவர்கள் வரலாற்றின் முன் சாட்சி சொல்கிறார்கள். முதல் சாட்சி, தலைமை வசீர் (முதலமைச்சர்). 1481 மே 3 அன்று சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் இறக்கிறார். வசீர் சாவை மறைத்து, கொன்யாவில் இருந்த இளைய மகன் ஜெமுக்கு ஆள் அனுப்புகிறார்; ஜானிசரிகள் அந்த வசீரைக் கொன்றுவிடுகிறார்கள். அண்ணன் பாயெஸித் அரியணை ஏற, ஜெம் 1482இல் ரோட்ஸ் தீவை ஆண்ட கிறிஸ்தவ மாவீரர் சபையிடம் அடைக்கலம் தேடுகிறார். பிறகு கைதியாகப் பிரான்ஸ், ரோம். 1495இல் நேப்பிள்ஸில் மரணம். தம்பியை வெளியே விடாதிருக்கப் பாயெஸித் ஆண்டுதோறும் தங்கம் அனுப்பிக்கொண்டே இருந்தார். இத்தனை பேர் பேசும் நாவலில் ஜெம் மட்டும் சாட்சிக் கூண்டில் ஏறுவதே இல்லை. ஒவ்வொரு சாட்சியும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார். எதை நம்புவது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். புதிய ஆவணம் எது கிடைத்தாலும் இந்தக் கட்டடம் இடியாது.

குறையும் உண்டு. பிரான்ஸ் பகுதி இழுக்கும், பெயர்கள் குழப்பும். மெஹ்மெத், பாயெஸித், ஜெம், ரோட்ஸ் தலைவர் தொபுஸோன், போப் எட்டாம் இன்னொசென்ட் என்று ஐந்து பெயரை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். ஒவ்வொரு சாட்சியத்தின் தலைப்பையும் தாண்டிவிடாதீர்கள். பேசுவது யார் என்பது அங்கேதான் தெரியும்.

நடையழகை வைத்து மட்டும் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தோன்செவின் மூலத்தில் பழைய பல்கேரிய மொழியின் ஓசை இருக்கிறது என்கிறார்கள். மொழிபெயர்ப்பில் அதை அளக்க முடியாது. ஜெம் வழக்கை முடித்துவிட்டுத் தோன்செவை எடுங்கள். அதில் கதை சொல்லும் பாதிரியார் பேசத் தொடங்கியதுமே, இவர் யாருக்காகச் சாட்சி சொல்கிறார் என்ற கேள்வி தானாக எழும்.