‘5 லிட்டர்’ ஃபைட்டர் தொட்டி: வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம்

சின்னக் கண்ணாடிப் பெட்டி, நடுவில் ஒரு தடுப்பு, மூடியில் நீல விளக்கு, அடியில் கலர் கல், ஒரு பிளாஸ்டிக் செடி. ‘டபுள் ஃபைட்டர் செட்’ என்று பெயர். இரண்டு ஆண் ஃபைட்டர் மீன்களையும் சேர்த்து 1,850 ரூபாய். அட்டைப் பெட்டியில் ‘5 லிட்டர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். விடுமுறைக்கு வந்த அக்கா மகனுக்காக எங்கள் பகுதிக் கடையில் இதை வாங்கினேன். நீங்கள் வாங்காதீர்கள்.

கேட்காமல் வாங்கவில்லை. ஃபில்டர் வேண்டாமா என்றேன். “ஃபைட்டருக்கு எதுக்கு மேடம் ஃபில்டர்? வயல்ல மாட்டுக் குளம்படியில தேங்கின தண்ணியிலயே இருக்கிற மீன் அது” என்றார் கடைப் பையன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து முறைத்துக்கொண்டே இருக்குமே என்றேன். “அதான் மேடம் ஷோவே. செவுளை விரிச்சிக்கிட்டு நிக்கும், பசங்களுக்குப் பொழுது போகும்.” பேச்சோடு பேச்சாக ‘இன்ஸ்டன்ட் பாக்டீரியா’ பாட்டில் ஒன்றும் நீல மருந்து ஒன்றும் பையில் ஏறின. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு பாட்டில் காலியாகி மூன்றாவது பாதியில் நிற்கும்போதே பெட்டி நிறைந்துவிட்டது. சந்தேகம் வந்து டேப்பை எடுத்து உள்ளளவு பார்த்தேன்: நீளம் 20 செ.மீ., அகலம் 12, உயரம் 12. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 2.88 லிட்டர், அதுவும் விளிம்பு வரை ஊற்றினால். கல்லும் செடியும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்து, தடுப்பால் இரண்டாகப் பிரித்தால், ஒரு மீனுக்கு ஒன்றேகால் லிட்டர்கூடத் தேறவில்லை. ஐந்து லிட்டர் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அந்தக் குளம்படிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாக் கடையிலும் இதைத்தான் அவிழ்த்து விடுகிறார்கள். ஃபைட்டர், அதாவது பெட்டா, தாய்லாந்துப் பக்கத்து மீன். 2019-இல் அந்த நாடு அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. அங்கே நெல் வயலிலும் சதுப்பிலும் வாழ்வது உண்மைதான். ஆனால் வயலில் ஆழம்தான் குறைவு, பரப்பு குறைவில்லை. புல்லும் பாசியும் மண்டிக் கிடக்கும், சண்டையில் தோற்ற மீன் ஓடி ஒளிய இடம் இருக்கும். செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்றொரு உறுப்பு இருப்பதால் மேலே வந்து நேரடியாகக் காற்றைக் குடிக்கும். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். அதன் கழிவிலிருந்து கிளம்பும் அமோனியாவுக்கு அந்த உறுப்பால் ஒன்றும் செய்ய முடியாது. காற்றுக்கான வசதியை வைத்துக்கொண்டு, அழுக்குத் தண்ணீரே போதும் என்று வியாபாரம் ஓடுகிறது.

சீக்கிரமே நீல மீன் சாப்பாட்டை நிறுத்தியது. துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு மூலையில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே அசையாமல் நின்றது. பாக்டீரியா பாட்டிலையும் நீல மருந்தையும் அவர்கள் சொன்ன அளவில்தான் விட்டேன். மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் அமோனியா டெஸ்ட் கிட் கொண்டுவந்தார். குழாயில் தண்ணீர் மஞ்சளாகவே நின்றால் நல்லது. எங்கள் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரும்பச்சையாக மாறியது. அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஒட்டி வளர ஸ்பாஞ்சு மாதிரி ஒன்றும், அதன் வழியாகத் தண்ணீர் ஓட்டமும் வேண்டும். புதுத் தொட்டியில் அது நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஃபில்டரே இல்லாத பெட்டியில் ‘இன்ஸ்டன்ட்’ என்று ஊற்றச் சொல்வது பணம் பிடுங்குகிற வேலை.

அப்புறம் தடுப்பு. மெல்லிய பிளாஸ்டிக் தகடு, பள்ளத்தில் சொருகி நிற்கிறது. மேலே மூடிக்கும் அதற்கும் நடுவே விரற்கடை இடைவெளி. ஒரு நாள் காலையில் சிவப்பு மீன் நீலத்தின் பக்கம் இருந்தது. நீலத்தின் வாலில் சவ்வு எல்லாம் போய், முள் மட்டும் ஈர்க்குச்சிகளாக மிஞ்சியிருந்தது. மதியத்துக்குள் செத்துவிட்டது.

கடைக்குப் போனேன். “உயிருள்ள ஐட்டத்துக்கு கேரண்டி கிடையாது மேடம்.” நான் மீனுக்கு கேரண்டி கேட்கவில்லை தம்பி, ஐந்து லிட்டர் என்று எழுதியிருக்கிறதே, அளந்து காட்டு என்றேன். “அது கம்பெனி போட்டது.” கல்லாவில் இருந்த முதலாளி தலையே நிமிரவில்லை. வேண்டுமானால் இன்னொரு மீன் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நுகர்வோர் புகார் கொடுக்கலாம் என்றால் கையில் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டு. தொட்டியின் அளவையும் எழுதி பில் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

மிஞ்சிய சிவப்பு மீனுக்குப் பெரிய தொட்டி வாங்க, சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போனேன். அங்கேயும் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ‘ஒரு அடி தொட்டி’ என்பது நீளத்தை மட்டும்தான் சொல்கிறது. 12×6×8 அங்குலம் என்றால் ஒன்பதரை லிட்டர்கூட வராது. 12×12×12 என்றால் 28 லிட்டர். இரண்டையும் ஒரு அடி என்றுதான் சொல்வார்கள். ஒரு ஃபைட்டருக்கு 20 லிட்டராவது வேண்டும் என்பதால் பின்னதை எடுத்தேன். உயரமான ஜாடி வேண்டாம். நீண்ட வால் மீன் ஒவ்வொரு முறை மூச்சுக்கும் மேலே ஏறி இறங்கிக் களைத்துப்போகும். மேலே இரண்டு அங்குலம் காலியாக விட்டு மூடி போட்டிருக்கிறேன், ஏனென்றால் இது துள்ளும் மீன், காற்றும் வேண்டும். காற்று மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்சு ஃபில்டரில் காற்றை வால்வால் நன்றாகக் குறைத்து வையுங்கள். வேகமான ஓட்டம் இதற்கு ஆகாது. மெட்ரோ தண்ணீருக்கு ஆன்டி குளோரின் சொட்டு கட்டாயம். சூடு 24 முதல் 28 டிகிரி இருக்க வேண்டும். சென்னையில் பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படாது, இரவெல்லாம் ஏசி ஓடும் அறையாக இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் செடியைப் பழைய நைலான் காலுறையின் மேல் இழுத்துப் பாருங்கள். எங்கள் செட்டோடு வந்தது இரண்டு இடத்தில் மாட்டி நூலைக் கிழித்தது. வாலையும் அப்படித்தான் கிழிக்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் அதிக வெளிச்சம் கேட்காத நிஜச் செடிகள். தண்ணீரில் போட நாட்டு வாதுமையின் காய்ந்த இலையைக் கவரில் அடைத்து ‘பாதாம் இலை’ என்று விலைக்கு விற்கிறார்கள். எங்கள் தெருவில் அதைத் துப்புரவுப் பணியாளர்கள் தினமும் கூடை கூடையாக அள்ளுகிறார்கள். மருந்து அடிக்காத மரத்தடியில் பொறுக்கிக் கழுவிப் போட்டால் போதும்.

கொளத்தூர்க் கடைக்காரர் இன்னொரு மீனை விற்கப் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். “ஒண்ணு இருக்குல்லம்மா, அது போதும்” என்று தொட்டியோடு ஸ்பாஞ்சு ஃபில்டரும் மோட்டாரும் மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

கடையின் பெயரைக் கேட்டு யாரும் செய்தி அனுப்ப வேண்டாம். இதே அட்டைப் பெட்டியை வேறு கடைகளிலும் பார்த்துவிட்டேன். பெட்டியின் படமும், டேப் வைத்து எடுத்த படமும் வேண்டுமானால் கேளுங்கள், அனுப்புகிறேன்.