முதுகில் கருவி பொருத்தச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

இரண்டு முறை முதுகில் அறுவை சிகிச்சை செய்தும் வலி தீராத எனக்கு, தண்டுவடத்தை மின் துடிப்புகளால் தூண்டும் கருவியைப் பொருத்தினால் பழையபடி நடமாடலாம் என்று ஒரு மருத்துவமனையில் உறுதியளித்தார்கள். வலியில் இருப்பவருக்கு அந்தச் சொல்லே போதும், நம்பினேன்.

நிரந்தரக் கருவிக்கு முன் சோதனைக் கட்டம் ஒன்று உண்டு. மெல்லிய கம்பிகளை ஊசி வழியாகத் தண்டுவட உறைக்கு வெளியே செலுத்தி, கருவியை இடுப்புப் பட்டையில் கட்டி, நோயாளியைச் சில நாட்கள், பெரும்பாலும் ஒரு வாரம் வரை, வழக்கமான வேலைகளைச் செய்யவிட்டு, வலி பாதியாவது குறைகிறதா என்று பார்ப்பார்கள். எனக்குக் கிடைத்தவை இரண்டே நாட்கள். அவையும் மருத்துவமனைக் கட்டிலில் கழிந்தன. படுத்திருக்கும்போது எனக்கு எப்போதுமே வலி குறைவுதான் என்று சொல்லியும், சோதனை வெற்றி என்று எழுதிக்கொண்டார்கள். ஒப்புதல் படிவத்தை அறுவை அரங்கின் வாசலில், கையில் ஊசி ஏற்றிய பிறகுதான் நீட்டினார்கள்.

நிரந்தரக் கருவி பொருத்திய ஆறாவது வாரம், செருப்பை எடுக்கக் குனிந்தபோது, அதுவரை கருவியின் துடிப்பால் காலில் ஓடிய குறுகுறுப்பு சட்டென்று விலாவுக்கு ஏறிவிட்டது. கம்பி நகர்ந்திருப்பதை எக்ஸ்ரே காட்டியது. இது இச்சிகிச்சையில் அறியப்பட்ட சிக்கல்தான்; அதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதே என் மனக்குறை. சரிசெய்ய வந்தவரும் மருத்துவர் அல்லர், கருவி நிறுவனத்தின் பிரதிநிதி. அரை மணி நேரம் ரிமோட்டில் அளவுகளை மாற்றிப் பார்த்துவிட்டு, மறு அறுவைதான் வழி என்று கிளம்பிவிட்டார். பின்னர் தோள்பட்டைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சென்றால், கருவியின் மாடல் விவரம் இல்லாமல் எடுக்க இயலாது என்று திருப்பி அனுப்பினார்கள்; அவ்விவரம் உள்ள கருவி அடையாள அட்டை எனக்குத் தரப்படவே இல்லை.

இக்கருவியால் நன்மை பெற்றவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கீழ்முதுகு வலிக்கு இது செலவையும் ஆபத்தையும் மிஞ்சும் நீடித்த பலன் தருவதாகத் தெரியவில்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. கம்பி நகர்ந்தால் யார் பொறுப்பு, பேட்டரி தீர்ந்தால் மீண்டும் அறுவையா, எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சோதனை நாட்களை வீட்டில், நடந்தும் உட்கார்ந்தும் கழிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நில்லுங்கள்.

கருவியை எடுத்துவிட முடிவு செய்த பின், என் சோதனைக் குறிப்பேட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். நடை, உட்காருதல், தூக்கம் என்ற மூன்று தலைப்புகளின் கீழும் ஒரு எழுத்துகூட இல்லை.