அலாய் வீல் உரசல் கிட்: பெயிண்டைவிட வாட்டர் பேப்பரைப் பாருங்கள்

பெயிண்ட் அடித்த அலாய் வீலில் பிளாட்பார ஓரக் கல் உரசிய தழும்பைக் கையாலேயே சரிசெய்ய விற்கும் கிட்களில் சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு மூன்று நம்பர்களில் வாட்டர் பேப்பர் (நம்பர் கூடக் கூடச் சொரசொரப்பு குறையும்), சின்ன ட்யூபில் பட்டி, அதை இறுகச் செய்யும் ஹார்ட்னர், இழுத்துப் பூச ஒரு பிளாஸ்டிக் தகடு, சில்வர் பெயிண்ட், சிலவற்றில் அதன்மேல் அடிக்கும் நிறமற்ற லேக்கர். டயரைக் கழற்றாமல், மெஷின் இல்லாமல், ரிம் ஓரத்தில் விரல் நீளத்துக்கு விழுந்த உரசலை இதை வைத்துத் தெரியாமல் செய்ய முடியும். ஆனால் பெட்டியில் இருப்பதெல்லாம் ஒரே தரமில்லை. பட்டியும் பேப்பரும் கொடுத்த காசுக்கு உழைக்கின்றன. பெயிண்டும் லேக்கரும்தான் காலை வாருகின்றன.

வாங்கும் முன்பே ஒரு சோதனை. வீலைக் கழுவித் துடைத்துவிட்டு, உரசல்மேல் தண்ணீர் தொட்டுத் தடவுங்கள். ஈரம் இருக்கும்வரை கீறல் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது மேலே உள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. அதற்குக் கிட் வாங்கவே வேண்டாம். சோப்புத் தண்ணீர் விட்டு 2000 நம்பர் பேப்பரால் மெதுவாக, பிறகு 3000, கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட் தொட்ட துணி. கிளியர் கோட் தலைமுடி பருமனுக்குத்தான் இருக்கும். நாலைந்து தடவை தேய்த்ததும் துடைத்துப் பாருங்கள். தேய்க்கும்போது வடியும் நீர் வெள்ளையாக இருக்கும்வரை பயமில்லை. வீலின் நிறம் அதில் கலந்து வந்தால் பெயிண்டைத் தொட்டுவிட்டீர்கள், நிறுத்துங்கள். நனைத்தும் மறையாமல், நகம் மாட்டுகிற கீறலுக்குத்தான் கிட்.

வீலின் முகப்பில் சிடி தட்டில் இருப்பதுபோல் நுண்ணிய வட்டக் கோடுகள் தெரிந்தால் அது லேத்தில் கடைந்த டைமண்ட் கட் வீல். அதைக் கையால் தொடவே கூடாது. பேப்பர் பட்ட இடத்தில் கோடுகள் போய்விடும், எந்தப் பெயிண்டும் அதைத் திரும்பக் கொண்டுவராது. வெடிப்பு, நெளிவு இருந்தாலும் கிட்டை எடுக்காதீர்கள். பட்டி பள்ளத்தை நிரப்பும், பாரம் தாங்காது. வெடிப்பைப் பூசி மறைப்பது உயிரோடு விளையாடுவது.

சரி, ஆழமான உரசல்தான் என்று வைத்துக்கொள்வோம். கெட்டுப்போகும் வேலைகளில் பலவும் பெயிண்டில் கெடுவதில்லை, கழுவுவதில் கெடுகின்றன. பிரேக் தூளில் இரும்பு இருப்பதால் சோப்பு மட்டும் போதாது. இரும்புத் தூளைக் கரைக்கும் வீல் கிளீனரை அடித்து, அது ஊதாவாக மாறி வழிந்ததும் அலசுங்கள். அமிலம் கலந்த கிளீனர் வேண்டாம், திறந்து கிடக்கும் அலுமினியத்தை அது அரிக்கும். அடுத்த எதிரி டயர் பாலிஷில் இருக்கும் சிலிக்கான். கண்ணுக்குத் தெரியாமல் ரிம் ஓரத்தில் படிந்திருக்கும். அதன்மேல் பெயிண்ட் விழுந்ததும் குட்டிக் குட்டி வட்டங்களாக விலகி நிற்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, அது காயும் முன்னே வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய்ப் பசை இடம் மாறுமே தவிரப் போகாது. பேப்பர் போடும் முன் ஒருமுறை, பெயிண்டுக்கு முன் ஒருமுறை, இரண்டு தடவையும் செய்ய வேண்டும்.

டயரை மறைக்கச் சீட்டுக்கட்டுதான் சரியான கருவி. காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயருக்கும் ரிம் விளிம்புக்கும் இடையே சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வரிசையாகச் செருகலாம். மாஸ்கிங் டேப்பை விளிம்பில் ஒட்டினால் அங்கே பெயிண்ட் படி கட்டி நிற்கும். சீட்டு செருகினால் பெயிண்ட் விளிம்பைத் தாண்டிப் போவதால் கோடே தெரியாது. வீல் வண்டியிலேயே இருந்தால் பின்னால் பிரேக் டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். கழற்றிச் செய்வதானால் நட்டு உட்காரும் குழியிலும் ஹப்போடு ஒட்டும் பின்முகத்திலும் ஒரு துளி பெயிண்டும் படக்கூடாது. அங்கே பெயிண்ட் இருந்தால் நாளடைவில் அது நசுங்கி நட்டின் பிடி தளரும்.

இப்போது பேப்பர். கல்லில் உரசிய அலுமினியம் ஓரத்தில் முள்ளாக எழும்பி நிற்கும்; அதைச் சின்ன அரத்தால் எடுத்துவிட்டுத்தான் பேப்பர் போட வேண்டும், இல்லையென்றால் முள் பேப்பரைக் கிழிக்கும். வரிசை 240, 400, 600, 800. பெட்டியைத் திறந்ததும் நம்பர்களைப் பாருங்கள். 240-ம் 800-ம் மட்டும் இருந்தால் நடுவில் இரண்டு தாள் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். 240 போட்ட கோட்டை 800 அழிக்காது, சில்வர் மெட்டாலிக் அந்தக் கோட்டை இன்னும் எடுத்துக்காட்டும். விரல் நுனியால் அழுத்தித் தேய்ப்பது வழக்கமான தவறு. விரல் பட்ட இடமெல்லாம் வாய்க்கால் விழும். ரிம் விளிம்பின் வளைவுக்கு ரப்பர் ஹோஸ் துண்டில் பேப்பரைச் சுற்றிக்கொண்டு தேய்த்தால் வளைவு கெடாது.

சரியாகத் தேய்த்த இடத்தை உற்றுப் பார்த்தால் அடையாளம் தெரியும். நடுவில் வெளிறிய அலுமினியம், அதைச் சுற்றி அடிப்பூச்சான பிரைமரின் சாம்பல் வளையம், அடுத்து நிறம், அதற்கும் வெளியே மங்கிய கிளியர் கோட். மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள் மாதிரி. ஒவ்வொரு வளையமும் சில மில்லிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். குறுகலாக இருந்தால் அங்கே படி இருக்கிறது என்று பொருள். பெயிண்டுக்குப் பிறகு அது மேடாகத் தெரியும். கிளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோல் கோடுகள் இருந்தால் அது அரிப்பு. அது முடியும் இடம்வரை உரித்தெடுக்காமல் பட்டி போட்டால் பட்டியோடு கிளம்பி வரும்.

பாலியெஸ்டர் பட்டிக்கு ஹார்ட்னர் எடையில் சுமார் 2 சதவீதம். கண் அளவில் சொன்னால் பெரிய நெல்லிக்காய் அளவு பட்டிக்கு ஒரு பட்டாணி. கூடினால் சீக்கிரம் இறுகும், ஹார்ட்னரின் நிறம் பெயிண்டுக்கு மேலே கசியும். குறைந்தால் எத்தனை நேரமானாலும் பிசுபிசுக்கும். கலந்தபின் கையில் இருப்பது நாலைந்து நிமிடம்தான், அதனால் கொஞ்சமாகக் கலந்து மெல்லிய பூச்சாக இழுங்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். அரை மணி நேரம் கழித்துத் தேய்த்தால் மாவாக உதிர வேண்டும். பேப்பரில் ஒட்டிக்கொண்டால் இன்னும் இறுகவில்லை. பட்டி தண்ணீரை உறிஞ்சும், ஆகவே அதை உலர்வாகவே தேய்க்க வேண்டும்.

பிரைமர் விஷயத்தில் கிட்கள் பேசாமல் இருந்துவிடுகின்றன. அலுமினியம் காற்றுப் பட்டதும் ஆக்சைடு தோல் போர்த்திக்கொள்ளும், சாதாரண பிரைமர் அதில் பிடிக்காது. எட்ச் பிரைமர் பிடிக்கும், ஆனால் அதிலுள்ள அமிலம் பாலியெஸ்டர் பட்டிக்கு ஆகாது. பட்டியும் வெற்று அலுமினியமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இந்த வேலைக்கு எபாக்ஸி பிரைமர் பாதுகாப்பானது. தேய்த்த அன்றே இரண்டு மெல்லிய கோட். நன்றாகக் காய்ந்தபின் 800-ஆல் தண்ணீர் விட்டு ஒரு தடவல்.

பெட்டியிலுள்ள சில்வர் பிரஷ் பாட்டிலாக இருந்தால் அரிசி அளவுப் புள்ளிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ் இழுத்த திசையிலேயே மெட்டாலிக் துகள்கள் படுத்துக்கொள்வதால் கோடு கோடாகத் தெரியும். ஸ்பிரேயாக இருந்தால் முதலில் அட்டையில் அடித்து, காய்ந்ததும் வெயிலில் வீலோடு ஒட்டிப் பாருங்கள். எல்லா வீலுக்கும் பொருந்தும் ஒரே சில்வர் கிடையாது. வண்டியின் பெயிண்ட் நிற எண்ணும் பாடிக்கானது, வீலுக்கு அது உதவாது. பொருந்தினால் 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில் மூன்று மெல்லிய கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிடம். ஈரமாக அடித்தால் துகள்கள் அமிழ்ந்து நிறம் கருக்கும். கடைசிப் பூச்சை 30 சென்டிமீட்டர் தள்ளிப் பனிபோல் தூவினால் பளபளப்பு சமமாக வரும்.

லேக்கரைத் தனியாக வாங்குவதே நல்லது. ஹார்ட்னர் இல்லாத ஒற்றை லேக்கர் பெட்ரோல் சிந்தினாலும் கடுமையான கிளீனர் பட்டாலும் இளகும், வீல் மாதிரியான இடத்துக்கு அது போதாது. ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே லேக்கர் கல்லுக்கும் ரசாயனத்துக்கும் தாங்கும். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு மிகக் கெடுதல். துணி மாஸ்க் எந்தப் பயனும் தராது. ஆவி வடிகட்டும் கேட்ரிஜ் பொருத்திய மாஸ்க், கையுறை, திறந்த வெளி, மூன்றும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். ஈரமான நாளில் அடித்தால் லேக்கர் பால்போல் வெளுக்கும். பழைய கிளியர் கோட்டை முதலிலேயே 2000-ஆல் மங்கலாக்கி, ஒட்டுப்போட்ட இடத்தோடு நிறுத்தாமல் அந்த ஸ்போக்கின் ஓரம்வரை அடியுங்கள். நடுவில் நிறுத்திய லேக்கரின் விளிம்பு சில மாதங்களில் உரியத் தொடங்கும். ஒரு நாள் தொடாமல் விடுங்கள். இரண்டு வாரத்துக்கு வெறும் தண்ணீரும் மிதமான சோப்பும் மட்டும்.

2கே கேனின் அடியிலுள்ள ஊசியைத் தட்டி ஹார்ட்னரைக் கலந்துவிட்டால், ஒன்றிரண்டு நாளில் அது கேனுக்குள்ளேயே இறுகிவிடும். நாலு வீலிலும் உரசல் இருந்தால் எல்லாவற்றையும் பிரைமர் நிலைவரை கொண்டுவந்து வைத்துக்கொண்டு, சில்வரையும் லேக்கரையும் ஒரே நாளில் அடித்து முடியுங்கள்.