பிரசர் பார்க்கும் மெஷின்: ஏழு மாதப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலை டவுனில் ஒரு பாமசியில் 9,500 ரூபாய்க்கு வாங்கியது, மேல்கையில் பட்டி சுற்றிப் பார்க்கிற டிஜிட்டல் மெஷின். உப்புவெளியில் எங்களோடு இருக்கும் பெரியம்மாவுக்காக வாங்கினோம். அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கிளினிக்கில் நேர்ஸ் பார்க்கிறதோடு ஒப்பிட்டால் நாலைந்துக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. எழுத்தும் பெரிசு. பட்டிதான் கட்டை. பருத்த கை என்றால் பெரிய பட்டியாகக் கேட்டு வாங்குங்கள், சின்னப் பட்டி அளவைக் கூட்டிக் காட்டும்.

சரி, ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்று சொல்கிறேன்.

போன மாதம் ஒரு நாள், காலை ஆறரைக்கு முற்றம் கூட்டிவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்த பெரியம்மாவுக்குக் கடைவாயால் தேத்தண்ணி வழிந்தது. என்ன என்று கேட்டால் சொல் குழறுகிறது, வலது கையில் கோப்பை நிற்கவில்லை. எங்கேயாவது நோகுதா என்றதற்கு இல்லையென்று தலையாட்டினார். நெஞ்சு நோவு என்றால் தெருவே ஓடிவரும். பாரிசவாதம் பெரும்பாலும் நோகாமல் வருகிறது, அதுதான் ஆளை ஏமாற்றுவது. நாங்கள் மெஷினைத் தூக்கினோம். 168/94. முந்தியும் 170 காட்டி நடந்து திரிந்தவர்தானே என்று ஒரு குளிசை கொடுத்து (புரையேறியது, விழுங்கக் கஷ்டப்படும் ஆளுக்கு எதுவும் கொடுக்கக்கூடாதாம்), படுக்க வைத்து, திரும்ப அளந்து, கிண்ணியாவிலிருந்து அண்ணன் வரட்டும் என்று பார்த்து, பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய் தடவ, இன்னொருக்கால் அளந்து, 152 வந்ததும் "இறங்குது" என்று சந்தோஷப்பட்டோம். கை தூக்க முடியாமல் கிடந்த மனுசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டுதான் இந்தச் சந்தோஷம்.

அண்ணனைக் கொண்டுவந்து இறக்கிய ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "வாய் கோணியிருக்கு, இன்னும் என்ன பாக்கிறியள், 1990க்கு அடியுங்கோ" என்றார். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழிலும் பேசலாம். தெரியாத விஷயமில்லை, ஒருவருக்கும் அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது பிரசரை அல்ல. "கடைசியாக நல்லா இருந்தது எத்தனை மணிக்கு?" இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதற்கும் முதல் ஸ்கான் எடுத்து மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று பார்க்க வேண்டும். ஆளுக்கொரு நேரம் சொன்னோம். பையில் கிடந்த மெஷினை எடுத்து மெமரியை அமத்தினேன்: 6.52, 7.05, 7.20, 7.48 என்று தொடங்கி 8.41 வரை ஏழு அளவுகள். நாங்கள் வீணாக்கிய நேரத்தை அது நிமிடக் கணக்காக எழுதி வைத்திருந்தது.

ஊசி போடும்போது பத்தேகால். இப்போது பெரியம்மா நடக்கிறார், பேச்சும் வந்துவிட்டது, வலது கையால் இன்னும் பொத்தான் பூட்ட முடியாது.

பிரசர் மருந்து எடுப்பவர் வீட்டில் இந்த மெஷின் கட்டாயம் இருக்கலாம். காலையில் குளிசைக்கு முதல், ஐந்து நிமிடம் ஆறி இருந்துவிட்டுப் பாருங்கள். வாய் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் இதைத் தொடவே வேண்டாம், அளவு நல்லதாக வந்தாலும் வாதம் இல்லை என்று ஆகாது. பெட்டிக்குள் இருந்த தாளில் அப்படி ஒரு வரியை நான் காணவில்லை, அதற்குத்தான் அந்த நட்சத்திரம். மூடியில் மார்க்கரால் 1990 என்று எழுதி வைத்திருக்கிறேன். பட்டியை இப்போது இடது கையில் சுற்றுகிறோம்.