காரைக்குடியில் மெமரி கார்டைக் கடையில் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கேமரா கார்டைக் கொடுத்து, படங்களைப் பென்டிரைவில் ஏற்றித் தரச் சொன்னால், சுருக்கிய படங்களைத் தந்துவிட்டு ஒரிஜினலுக்குத் தனியாகப் பணம் கேட்கிறது காரைக்குடியில் ஒரு கடை. பெயரைப் போட்டால் வேறு வம்பு வரும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பள்ளத்தூர் வீட்டில் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, வயது நிறைவுச் சாந்தி நடந்தது. படமெல்லாம் தம்பியின் கேமராவில். அதன் கேபிள் சென்னையில் கிடக்கிறது. என் லேப்டாப்பில் கார்டு போடும் இடமே கிடையாது. மலேசியாவிலிருந்து வந்த சொந்தங்கள் கிளம்புவதற்குள் படம் வேண்டும் என்று நச்சரித்தார்கள். சரி என்று அந்தக் கடைக்குப் போனேன்.

"வச்சுட்டுப் போங்கண்ணே, சாயங்காலம் வாங்க" என்றான் பையன். காத்திருக்கிறேன் என்றேன். ஒரே சிஸ்டம்தான், ஆல்பம் வேலை ஓடுது என்று அனுப்பிவிட்டான். சாயங்காலம் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு பென்டிரைவைக் கொடுத்தான். கார்டை நீட்டி, "ஃபார்மேட் பண்ணிட்டோம்ணே, வைரஸ் வராது" என்று உபசாரம் வேறு. கார்டைக் காலியாக்கிவிட்டார்கள். யார் கேட்டார்கள்?

வீட்டில் போட்டுப் பார்த்தால் எல்லாப் படமும் இருந்தது, பளிச்சென்றும் இருந்தது. ஆத்தா கழுத்துருவோடு (எங்கள் பக்கத்துப் பெரிய தங்கத் தாலி) நிற்கும் படத்தைப் பெரிதாக்கினேன். அதில் கோத்திருக்கும் உருப்படிகளின் வேலைப்பாடு எதுவும் தெரியவில்லை, மஞ்சளைக் குழைத்துப் பூசியது மாதிரி இருந்தது. ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் பார்த்தால் 280 கேபி, அகலம் 1600 பிக்சல். தம்பியினுடையது 24 மெகாபிக்சல் கேமரா. ஒரு படம் 6000க்கு 4000 பிக்சலில், பல எம்பி இருக்க வேண்டும். 1600 பிக்சல் போனில் பார்க்கப் போதும். 18 அங்குல ஆல்பம் பக்கத்துக்கு அதை இழுத்தால் அங்குலத்துக்கு 90 புள்ளிகூடத் தேறாது. நல்ல பிரிண்டுக்கு 300 வரை கேட்பார்கள்.

திரும்பப் போய்க் கேட்டால், ஓனர் அசரவே இல்லை. "ஒரிஜினல் எங்க சிஸ்டத்துல பத்திரமா இருக்குண்ணே. அது வேணும்னா 2500 ஆகும். ஆல்பத்தை எங்ககிட்டயே போட்டா சும்மாவே தர்றோம்." எங்கள் வீட்டு விசேஷப் படத்தை எங்களுக்கே விற்கிறார்! சரி, உங்கள் சிஸ்டத்திலிருந்தாவது அழியுங்கள் என்றதற்கு, "பாக்கலாம்" என்றார்.

நல்லவேளை, அவர்கள் செய்தது குயிக் ஃபார்மேட். அதில் படம் அழிவதில்லை. எது எங்கே இருக்கிறது என்கிற பட்டியல்தான் போகிறது. மேலே புதிதாக எதுவும் பதியாதவரை மீட்க வழி உண்டு. அதனால் கார்டைக் கேமராவில் போடவிடவில்லை. கார்டை லேப்டாப்பில் இணைக்க ஒரு கார்டு ரீடர் வாங்கி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். மீட்பதை அதே கார்டில் சேமிக்கக் கூடாது, லேப்டாப்பில்தான் சேமிக்க வேண்டும். ஃபைல் பெயரெல்லாம் போய்விட்டது. ஆனால் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும், அதை வைத்து வரிசைப்படுத்திக்கொண்டேன். படங்கள் பெரும்பாலும் முழு அளவில் கிடைத்தன. வீடியோ சில ஓடவில்லை. கும்பத் தண்ணீர் ஊற்றிய வீடியோவும் அதில் போனது. அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை.

கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எஸ்டி கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன லாக்கைத் தள்ளிவிட்டுக் கொடுங்கள். பெரும்பாலான ரீடர்கள் அப்புறம் எதையும் அழிக்க விடாது. மைக்ரோ எஸ்டியில் அந்த வசதி இல்லை. கேமரா படங்களைச் சேமிக்கும் டிசிஐஎம் (DCIM) ஃபோல்டரைக் கட் செய்யாமல் அப்படியே காப்பி பண்ணச் சொல்லுங்கள். கார்டிலும் பென்டிரைவிலும் ஃபோல்டரின் மொத்த சைஸ் ஒன்றா என்று கவுண்டரிலேயே பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி தங்கிவிடுவதைத் தடுக்க இதுவும் போதாது. வீட்டுப் பெண்பிள்ளைகள் படம் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். சாதாரண கார்டு ரீடர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது.