எலக்ட்ரிக் கார் வாங்கலாமா? முதலில் எர்த் குழியைப் பாருங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கிவிட்டது. மின்சாரக் காருக்கு முன்பும் 5 சதவீதம்தான், இப்போதும் அதேதான். பெட்ரோல் கார் விலை இறங்கியதிலிருந்து "இன்னமும் எலக்ட்ரிக் வாங்குறதுல அர்த்தம் இருக்கா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்), பேட்டரி வாரன்டி, டிக்கி அளவு எல்லாம் ஷோரூமிலேயே வாய் வலிக்கச் சொல்வார்கள், அதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. வண்டியை வைத்து ஓட்டுகிறவனின் உயிரை எடுக்கிற சமாச்சாரம் ஒன்று உண்டு. அதைப் பற்றி ஷோரூமில் மூச்சு விட மாட்டார்கள். வீட்டு எர்த்: கசிகிற கரன்ட்டை ஒரு ஒயர் வழியாகக் குழியில் புதைத்த பைப்புக்கோ ராடுக்கோ கொண்டுபோய் மண்ணில் இறக்குகிற ஏற்பாடு.

நம் வீடுகளில் பாதிக்கு மேல் எர்த் பெயருக்குத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. லைட், ஃபேன், டிவி எதுவும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஃபேஸும் நியூட்ரலும் வந்தால் ஓடிவிடும். காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் அப்படி ஏமாறாது. கேபிள் நடுவில் இருக்கும் அந்தப் பெட்டி, கரன்ட்டை விடும் முன் எர்த் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் சிவப்பு எரியும், சார்ஜ் ஏறாது. கார் நிற்பது ரப்பர் டயரில். உள்ளே எங்காவது கசிவு வந்தால் அந்தக் கரன்ட் போக எர்த் ஒயரைத் தவிர வேறு உருப்படியான வழி கிடையாது. இல்லாவிட்டால் கதவைத் தொடுகிற ஆள்தான் வழி. ஆக, பெட்டி மறுப்பது நியாயம். இரவு பதினொரு மணிக்கு 12 சதவீதத்தில் வண்டி நிற்கும்போது அந்த நியாயம் நம் மண்டையில் ஏறாது என்பது வேறு விஷயம்.

இதில் பெரிய எரிச்சல், கோளாறு நிரந்தரமாக இருக்காது என்பது. ஐப்பசியில் எல்லாம் ஒழுங்காக ஓடும். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்ததும் குழியின் ரெசிஸ்டன்ஸ் ஏறும், சிவப்பு விளக்கு வரும். ஒரு மழை பெய்தால் தானாகச் சரியாகிவிடும். சர்வீஸ் ஆள் வரும் நாளில் பச்சையாக எரிந்து நம்மைப் பொய்யனாக்கும். குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே பச்சை வந்தால் கோளாறு குழியில்தான், காரில் இல்லை.

அடுத்து நடப்பதுதான் ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், "ஒண்ணும் இல்ல சார், சின்னதா ஒரு லூப் போட்டா சரியாயிடும்" என்பார். பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார். பெட்டி ஏமாறும், பச்சை எரியும், அவர் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் மீட்டர் பக்கத்திலோ கம்பத்திலோ நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் அந்தத் துண்டு ஒயர் வழியாக நேராகக் கார் பாடிக்கு வரும். ஈரக்காலோடு யார் கதவைத் தொடுகிறார்களோ அவர்கள் தலையெழுத்து. இந்த லூப்பைப் போட அனுமதிக்காதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 15 ஆம்ப் பிளக்கில் ஃபேஸ்–நியூட்ரல் 230-ஐ ஒட்டி வர வேண்டும். ஃபேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதுவே. நியூட்ரல்–எர்த் 2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 5-ஐத் தாண்டினால் சரியில்லை. சுழியமே வந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம், முன்பு யாராவது லூப் போட்டிருக்கலாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். பிறகு அதே லைனில் 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை ஓடவிட்டு மறுபடி அளக்க வேண்டும். நியூட்ரல்–எர்த் வோல்டேஜ் சட்டென்று எகிறினால் ஒயர் மெலிசு, இல்லை எங்கோ நியூட்ரல் ஸ்க்ரூ லூஸ். கணக்கு எளிது: 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் 30 மீட்டர் ஓடி, 15 ஆம்ப் இழுத்தால் நியூட்ரலில் மட்டும் 3 வோல்ட்டுக்கு மேல் விழும். அதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் போட்டால் 2 வோல்ட் அளவில் நிற்கும். இது உயிர் ஒயர்களைத் தொடுகிற வேலை, பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

குழி சரியில்லை என்று தெரிந்தால் உப்பும் கரியும் கொட்டுவது பழைய வழக்கம். வேலை செய்யும், ஆனால் உப்பு குழியில் இருக்கும் ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்பு) அரிக்கும். சில வருடத்தில் கதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். செம்பு பூசிய ராடை எட்டு முதல் பத்தடி இறக்கி, சுற்றிலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண் கலவை போடுகிற கெமிக்கல் எர்த்திங்தான் மேல். 5 ஓமுக்குக் கீழே ரீடிங் வர வேண்டும் என்று கறாராகச் சொல்லுங்கள், எர்த் டெஸ்டர் கொண்டுவராத ஆளை வேலைக்கு விடாதீர்கள். பாறை நிலமாக இருந்தால் ஒரு குழி பத்தாது. இரண்டு குழி போட்டு இணைக்க வேண்டும், இடைவெளி ராடின் நீளத்துக்குக் குறையக் கூடாது.

எர்த்துக்கு அடுத்தது பிளக். சுவரில் இருக்கும் 15 ஆம்ப் பாயின்ட் கெய்சருக்காகப் போட்டது. அது கால் மணி நேரம் ஓடி நிற்கும். கார் அதே பாயின்ட்டில் எட்டு ஒன்பது மணி நேரம் விடாமல் 13, 14 ஆம்ப் இழுக்கும். மட்டமான சாக்கெட் உள்ளே உருகி, பின் கறுத்து, ஒட்டிக்கொள்ளும். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்ற வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. தனி லைன் இழுத்து, 20 ஆம்ப் எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் அணையும் சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கசிவு வந்தால் அணையும் சுவிட்ச்) போடுங்கள். ஆர்சிசிபி வாங்கும்போது 'ஏ' டைப் என்று கேட்டு வாங்க வேண்டும். கடையில் சும்மா கேட்டால் 'ஏசி' டைப்பை எடுத்து நீட்டுவார்கள், காரிலிருந்து வரும் சிலவகைக் கசிவு அதற்குத் தெரியாது. 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் (சுவரில் மாட்டும் வேகமான சார்ஜர்) என்றால் 6 ஸ்கொயர் ஒயர், 40 ஆம்ப் எம்சிபி, கூடவே ஈபி ஆபீஸில் லோடு உயர்த்த விண்ணப்பம். தினம் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அந்த வால் பாக்ஸ் தேவையே இல்லை. 15 ஆம்ப் பாயின்ட் ராத்திரியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றிக் கொடுத்துவிடும்.

இனி வண்டியைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிற வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜிங்கில் வீணாவதையும் சேர்த்துச் சின்னக் காருக்கு 300 யூனிட் கூடும். 500-ஐத் தாண்டியதும் மானியத்தில் ஒரு பகுதி போய்விடும், யூனிட் 8 ரூபாய்க்கு மேல் ஏறும். அப்படியும் 2025 விகிதத்தில் பில் கூடுவது 2,700 ரூபாய் சுமாருக்குத்தான். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 13,000-க்கு மேல் விழுங்கும். இதற்கு மேல் வாதம் கிடையாது. மாதம் 400 கிலோமீட்டர்கூட ஓட்டாதவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது. விலை வித்தியாசம் திரும்பி வரவே வருடக்கணக்கில் ஆகும்.

காசைவிட எனக்குப் பிடித்தது ஏசி. கல்யாண மண்டப வாசலில், ஆஸ்பத்திரி வாசலில், வெயிலில் நிறுத்திவிட்டு இன்ஜின் இரைச்சலும் புகையும் இல்லாமல் உள்ளே குளுகுளுவென்று உட்காரலாம். மணிக்கு ஒரு யூனிட் அளவில்தான் செலவு. இதை எந்த விளம்பரத்திலும் பெரிதாகச் சொல்வதில்லை, ஏன் என்றுதான் புரியவில்லை.

நெடுஞ்சாலை பற்றிச் சுருக்கமாக. கம்பெனி சொல்லும் ரேஞ்சில் 65 முதல் 70 சதவீதத்தை நம்புங்கள். 80-ல் போவதற்கும் 110-ல் போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 45 யூனிட் பேட்டரி கார் சென்னை–மதுரைக்கு ஒரே மூச்சில் போகாது. பெரம்பலூர் வாக்கில் சாப்பாட்டோடு சேர்த்து 80 சதவீதம் வரை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் போதும், அதற்கு மேல் ஏற்றும் வேகம் விழுந்துவிடும். 60 கிலோவாட் என்று போர்டு வைத்த மெஷினில் இரண்டு கன் (காரில் செருகும் முனை) இருந்தால், பக்கத்தில் இன்னொரு கார் செருகியதும் பல இடங்களில் உங்களுக்கு 30-தான். சார்ஜிங் ஆப் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாலட், வாலட்டுக்கு ஒரு மினிமம் பேலன்ஸ் என்ற கூத்தும் உண்டு.

பதினைந்து இருபது நாள் வண்டியை எடுக்காமல் வெளியூர் போகிறவர்கள் 12 வோல்ட் பேட்டரியை மறக்க வேண்டாம். பெரிய பேட்டரி 90 சதவீதம் இருந்தாலும் சின்ன பேட்டரி இறங்கிவிட்டால் பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்ச் உள்ளே சேராது, வண்டி எழும்பாது, சமயத்தில் ரிமோட்டுக்குக் கதவும் திறக்காது. பெட்ரோல் காரைப் போலவே ஜம்ப் கொடுத்தால் உயிர் வந்துவிடும். சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவி எங்கே நுழையும் என்பதை இப்போதே பார்த்து வையுங்கள். இன்னொன்று: எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி என்றால் அவ்வப்போது மெதுவான சார்ஜில் 100 சதவீதம் வரை விடுங்கள். அதில் வோல்டேஜ் நடுவில் அசையாமல் நிற்பதால் மீட்டர் சதவீதம் கணக்குத் தவறும், முழுதாக ஏறினால்தான் நேராகும்.

சரி, வாங்கலாமா? வாடகை வீடா, அபார்ட்மென்ட்டில் உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்கு லைன் இழுக்க அசோசியேஷன் ஒப்புக்கொள்ளவில்லையா, வேண்டாம். மேலே பாராட்டியதெல்லாம் உண்மை, இருந்தாலும் வேண்டாம். வெளிச் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் சுற்றி வரும். அதை மட்டும் நம்பி ஓட்டினால் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு சுமாருக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமையும் பாதி போகும். சொந்த வீடு, சொந்த மீட்டர் என்றால் வாங்கலாம், ஆனால் சித்திரையில் எர்த்தை அளந்துவிட்டு அப்புறம் புக் செய்யுங்கள்.

ஷோரூமில் "இன்ஸ்டாலேஷன் ஃப்ரீ சார்" என்பார்கள். அந்த ஃப்ரீயில் குறிப்பிட்ட நீளம் வரை ஒயர் உண்டு, எர்த் குழி பெரும்பாலும் கிடையாது. எர்த் ரீடிங்கை ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்று கேளுங்கள். மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தால், குழிக்கென்று பத்தாயிரம் ரூபாயைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.